நகலை நிறுத்திய பெருமூளை

ஆற்றங்கரை மருத மரத்தில் ஒரு குரங்கு இருந்தது. மரத்தடியில் அதன் சிநேகிதி, ஒரு புள்ளிமான். குரங்கு உதிர்க்கும் தளிரை மான் தின்னும். சிறுத்தை வந்தால் குரங்கு மேலிருந்து குரல் கொடுக்கும், மான் ஓடிவிடும். அதுதான் இருவருக்கும் ஒப்பந்தம்.

நான் அந்தக் குரங்கின் பெருமூளை. மண்டைக்குள் முக்கால்வாசி இடம் எனக்குத்தான். என் ஆணவத்துக்கு அதுவும் போதவில்லை. எனக்குப் பின்னால், கீழே ஒரு ஓரமாக, சிறுமூளை இருந்தான்.

கை காலுக்கு நான் போடும் ஒவ்வொரு உத்தரவுக்கும் ஒரு நகல் அவனுக்குப் போகும். அடுத்த கணமே திருத்தம் வரும்.

"அண்ணே, கை ஒரு விரற்கடை இடது பக்கம்!"

"அண்ணே, வேகம் ஜாஸ்தி!"

ஒருநாள் குரங்கு கிளைவிட்டுக் கிளை தாவியதைப் பார்த்து மான் வியந்தது. "அடேயப்பா! உன் மூளையே மூளை!"

தலைக்குள்ளேயே இருந்தும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"தம்பி, தாவுறது நானு, குறை சொல்றது நீயா? இனிமே உனக்கு நகல் கிடையாது!"

"நகல் இல்லாம எப்படிண்ணே திருத்துவேன்?"

"திருத்தவே வேணாம்!"

அன்று குரங்கு வாய்க்குக் கொண்டுபோன அத்திப்பழம் கண்ணில் இடித்தது. கிளையில் நடந்தால் கள் குடித்ததுபோல் தள்ளாடியது. "காத்து பலமா அடிக்குது" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காற்றே அடிக்கவில்லை.

அப்போது புதருக்குள் மஞ்சள் தோல் அசைந்தது. சிறுத்தை!

"கத்து!" என்று உத்தரவிட்டேன். குரங்குக்கு நாக்கு குழறியது. "சி... று... உ... த்..."

மான் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. "என்ன, பாட்டுப் பழகுறியா? சுருதியே சேரலியே!"

சிறுத்தை பதுங்கியது. மான் ஒரே பாய்ச்சல் தூரத்தில் நின்றது. பயத்தில் என் மடிப்பெல்லாம் விறைத்துவிட்டது.

"தம்பி! இந்தா நகல்! காப்பாத்து!"

அவன் குத்தலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "நாக்கைத் தளர்த்துங்கண்ணே. மூச்சைப் பிடிங்க. இப்போ!"

"சிறுத்தை!"

காடே அதிர்ந்தது. மான் துள்ளி ஓடியது. சிறுத்தையின் நகத்தில் நாலு வால்முடிதான் மிஞ்சியது.

மாலையில் மான் திரும்பி வந்து கண்கலங்கச் சொன்னது. "உன் மூளையே மூளை!"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. 'அது அவன்' என்று சொல்ல வாய்க்கு உத்தரவு போட்டேன். அதற்கும் நகல் போனது.

"விடுங்கண்ணே" என்று திருத்தம் வந்தது.

பின்னால் இருந்து திருத்துபவனின் வாயை அடைப்பவன், தன் வாய் குழறும்போதுதான் அவன் அருமையை உணர்வான்.