ஓடைக்குப் போகிற வழி

"பனி உருகினப்ப வந்தேன் தாயி. மறுபடியும் பனி விழப்போகுது. இன்னிவரைக்கும் ஒரு வேலை குடுக்கலையே. நான் உங்களுக்கு எதுக்கு?"

கேட்டவர் இசக்கிமுத்து. கோவில்பட்டியில் ஆயுசு பூரா சலூன் வைத்திருந்தவர். பெண்டாட்டி போன பிறகு கடையை மூடிவிட்டு, குருவைத் தேடி வடக்கே பனிமலைக்கு வந்துவிட்டார். வந்த நாளிலிருந்து தன் தாடியைக்கூடத் தொடவில்லை.

குரு ஒரு பெண்; எல்லாருக்கும் அம்மா, இசக்கிமுத்துவுக்கு மகள் வயசு. அவரும் தெற்கத்தி ஆள்தான். பார்வை கிடையாது. புதர்க்காட்டு நடுவே குடிசை போட்டு இருந்தார்.

"கை அரிக்குதோ?" என்று சிரித்தார் அம்மா.

"அரிக்காதா? கத்தி பிடிச்ச கை. ஓடைக்குப் போறப்பவாவது கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்னா, அதுக்கும் விடமாட்டேங்கிறீங்க."

"வழி எனக்குத் தெரியுமே."

அது உண்மைதான். இடுப்பில் குடத்தோடு, வழியோரப் புதர்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொடுத்துக்கொண்டே விறுவிறுவென்று போய்வருவார். கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி இருக்கும். அவருக்குப் பார்வை இல்லை என்பதே இசக்கிமுத்துவுக்கு மறந்துபோகும்.

ஆனால் அந்தப் புதர்களைப் பார்த்தால்தான் மனசு கேட்காது.

கிளையெல்லாம் பாசி. நம்ம கறிமசாலாவில் போடுகிற கல்பாசிக்குச் சொந்தபந்தம். ஒரு செடியில் பொரித்த அப்பளம் மாதிரி. ஒன்றில் கிடாத்தாடி மாதிரி தொங்கும். ஒன்றில் திருநீறு பூசினது போலப் பொடி. இன்னொன்றில் எறும்பு தண்ணீர் குடிக்கிற அளவுக்குச் சின்னச் சின்னக் கிண்ணம்.

"தாயி ஆசையாத் தடவுற செடி. அதுக்குப் போயி இப்படிச் சொறி பிடிச்சுக் கெடக்கே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அம்மா தியானத்தில் இருந்தார். இசக்கிமுத்து பழைய கத்தியைத் தீட்டினார். செடிக்குச் செடி உட்கார்ந்து, பட்டையில் கீறல் விழாமல், கல்யாண மாப்பிள்ளைக்குச் சவரம் செய்கிற பக்குவத்தில் மழித்து முடித்தார்.

எல்லாம் பளபளவென்று இருந்தன. பெருமையில், தாடிக்குள்ளே அவர் முகமும்தான்.

அம்மா குடத்தோடு வந்தார்.

முதல் செடியில் கை வைத்தார். நின்றார்.

அடுத்த செடியைத் தொட்டார். நடை தளர்ந்தது.

வழி இரண்டாகப் பிரிகிற இடத்தில் வெறுங்கிளையைப் பிடித்துக்கொண்டு, இடது பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தார். அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம்.

இசக்கிமுத்து ஓடிப்போய்ச் சேலையைப் பிடித்து இழுத்தார். குடம் மட்டும் உருண்டது. அது விழுந்து முடிகிற சத்தம் வர நேரமாயிற்று.

"மழிச்சிட்டீங்களா?" என்று கேட்டார் அம்மா.

"சொறின்னு நெனச்சுட்டேன் தாயி."

"இதுல தாடி இருந்துச்சு. தாடி வந்தா வலது பக்கம் திரும்பணும். அப்பளம் வந்தா குனியணும், மேல பாறை. கிண்ணம் வந்துட்டா ஓடை."

இசக்கிமுத்து தரையில் உட்கார்ந்து வெறுங்கிளையைத் தடவிப் பார்த்தார்.

"திரும்ப வளருமா?"

"வளரும், வருசத்துக்கு எள்ளளவு. முழுசா வளர்ற அன்னிக்கு நாம ரெண்டு பேரும் இருக்க மாட்டோம்."

"இந்தக் கையை வெட்டித்தான் போடணும்."

"வெட்டிட்டா குடத்தை யாரு தூக்குவா? ஆமா, குடமும் போச்சுல்ல."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

அழுகை வந்த திசையில் அம்மா குந்தினார். கையை நீட்டினார். அவர் முகம் தட்டுப்பட்டது. அவர் வந்த நாளிலிருந்து அம்மா அந்த முகத்தைத் தொட்டதில்லை.

நெற்றியில் மடிப்பு. கன்னத்தில் அம்மைத் தழும்பு. ஒரு பக்கம் சுருட்டை. ஒரு பக்கம் சொட்டை. மோவாயில் கிடாத்தாடி.

புதுச் செடியைப் பார்க்கிற மாதிரி, விரல்கள் அவசரப்படாமல் போய்வந்தன.

"இந்தச் செடி ஓடை வரைக்கும் நடக்குமா?" என்று கேட்டார்.