புளியங்கட்டை இருந்த இடம்

டிராக்டர் ஓட்டும் சங்கிலிமுத்து, கரும்பு ஆட்டும் ஆலையின் பழைய சக்கரத்தில் இரும்புப் பற்களைப் பற்றவைத்து, மரத்தின் அடிக்கட்டையைத் தூளாக்க டிராக்டரில் மாட்டும் கருவி ஒன்றைச் செய்தான். முதல் சோதனையில் பற்கள் தெறித்து ஓடின. லாரியின் இரும்பு வில்பட்டையை அறுத்து வேறு பற்கள் வைத்ததும் தென்னங்கட்டை மாவாய் உதிர்ந்தது.

அரிசி ஆலை முதலாளி அழகிரிசாமி கேள்விப்பட்டு அவனைக் கூப்பிட்டார். அவர் புதிதாக வாங்கிய நெற்களத்தில் ஒரு புளியங்கட்டை நின்றது. காரை விட்டு இறங்காமலே கையை நீட்டினார்.

“அதை எடு. கட்டை இருந்த இடமே தெரியக் கூடாது. தெரிஞ்சா உன் கருவி எனக்கு.”

“தெரியலைன்னா, முதலாளி?”

“இனி என் கட்டை எடுக்கிற வேலை எல்லாம் உனக்குத்தான்.”

மறுவாரம் வந்தார். களம் முழுக்கச் சாணம் மெழுகிக் காய்ந்திருந்தது. சங்கிலிமுத்து பணிவாக நாற்காலி கொண்டுவந்து போட்டான். அதில் உட்கார்ந்தவர், மூலையில் சிதறிக் கிடந்த மரத்தூளைக் கைத்தடியால் காட்டிச் சிரித்தார்.

“தூளைக்கூட அள்ளத் தெரியலையேடா! அங்கேதான் இருந்துச்சு. கருவியைக் கழற்று.”

“தோண்டிப் பார்த்துடலாங்க.”

ஆட்கள் தோண்டினார்கள். முழங்கால் ஆழம் வரை வெறும் மண்தான். ஒரு வேர்கூட இல்லை.

“அப்போ எங்கேடா இருந்துச்சு?”

“கொஞ்சம் எழுந்திருங்க முதலாளி. அது மேலதான் உட்கார்ந்திருக்கீங்க.”

நாற்காலியை நகர்த்திக் குத்தியதும் கடப்பாறை புளியவேரில் சிக்கிக்கொண்டது. அழகிரிசாமி மெல்லச் செருமினார்.

“ஆலைக்குப் பின்னாடி இன்னொரு கட்டை இருக்கு. நாளைக்கு வா.”

அதன்பின் சங்கிலிமுத்து போட்ட நாற்காலியில் அவர் உட்காரவே இல்லை.