மாப்பிள்ளை கையில் ஒரு யாளி

ஒரு பெயர், அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முன்வந்தவர்கள் மூன்று பேர். நடந்ததைச் சொல்லிவிட்டு உங்களை ஒரு கேள்வி கேட்பேன். யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர். அங்கே பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுபவர் குழைக்காதர். அவர் எழுதியதில் பிழை இருந்ததாக யாரும் சொன்னதில்லை. பிறர் எழுதியதில் பிழை இருந்தால் அவரால் கடந்து போகவும் முடியாது. டீக்கடைப் பலகையில் 'சூடாண வடை' என்று கண்டால், அதைத் திருத்தும்வரை டீயைத் தொடமாட்டார். கல்யாணப் பத்திரிகை வைத்தால் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பிக் கொடுப்பார். மைத்துனர் வீட்டுத் துக்கத்தில், உடலை எடுக்கும் முன்பே, வாசலில் ஒட்டியிருந்த 'கன்னீர் அஞ்சலி'யைப் பேனாவால் 'கண்ணீர்' ஆக்கினார். மைத்துனர் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். "பிழையோடயா அனுப்பி வைக்கிறது?" என்றுதான் குழைக்காதர் கேட்டார்.

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. பட்டாவில் ஓரெழுத்து மாறியதால், சொந்த நிலத்தைத் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க முடியாமல் அலைந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். பெயர் தப்பானால் ஆளே வேறு என்பது அவர் கட்சி.

ஒரே மகளுக்கு யாழினி என்று பெயர் வைத்தார். யாழ் என்ற இசைக்கருவியிலிருந்து வந்த பெயர். ஆனால் அந்தப் பக்கத்தில் மழையை 'மளை' என்றும் பழத்தைப் 'பளம்' என்றும் சொல்வதுதான் வழக்கம். பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் அவள் யாளினிதான். பெற்றவளே அப்படித்தான் கூப்பிட்டாள். குழைக்காதர் மட்டும் நாக்கை மடித்து ழகரம் போட்டார்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் நயினாருக்கு அவளை நிச்சயம் செய்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் நயினார் தன் இடது முன்கையில் அவள் பெயரைப் பச்சை குத்திக்கொண்டார். குத்துபவர் பெயரைக் கேட்டார். நயினார் வாயால் சொன்னார். காதில் விழுந்தபடி ஊசி எழுதியது. பிறகு ஒருநாள், கல்யாணப் பத்திரிகை நகலைப் பார்க்க வந்தபோது, மாமனார் கண்ணில் அந்தக் கை பட்டது.

"யாளினின்னு போட்டிருக்கு. யாரு மாப்ளே இது?"

"நம்ம யாளினிதான் மாமா."

"யாளின்னா கோயில் தூண்ல நிக்கிற மிருகம். சிங்க முகமும் தும்பிக்கையுமா இருக்கும். எம் மக பேரு அது இல்ல."

 நயினார் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தப்பா இருந்தா எடுத்துருதேன் மாமா" என்றார்.

அதுவரை தாரை வார்த்துக் கொடுக்க மணவறைக்கு வரமாட்டேன் என்று குழைக்காதர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

பச்சை குத்தியவரோ, ளகரத்தை ழகரமாக்க வழியில்லை என்று கைவிரித்தார். நயினார் தோல் மருத்துவரிடம் போய் லேசர் வைத்து அழிக்கத் தொடங்கினார். முதல் தடவையிலேயே கை கொப்பளித்துப்போனது. எழுத்து கொஞ்சம் வெளிறியதே தவிரப் போகவில்லை. இன்னும் பல தடவை வரவேண்டியிருக்கும் என்றார் மருத்துவர். கிரேனின் லீவரைப் பிடிக்க முடியாமல் நயினார் விடுப்புப் போட்டார்.

கட்டுப் போட்ட கையைப் பார்த்த பிறகுதான் யாழினிக்கு விஷயம் தெரிந்தது. இனி அங்கே போகக் கூடாது என்று அவரைத் தடுத்தாள். மாமாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன், கை என்னுடையது, வலியும் எனக்குத்தானே என்றார் அவர். அவள் நேராக அப்பாவிடம் வந்தாள்.

"எம் பேரத் தப்பா எழுதிட்டாருன்னு யாருப்பா சொன்னா?"

"நான் வச்ச பேரு. எனக்குத் தெரியாதா?"

"நீங்க ஒருத்தர்தாம்ப்பா என்னய அப்படிக் கூப்பிடுதீங்க. நான் அதுக்கும் வருதேன், இதுக்கும் வருதேன். அந்தக் கையில இருக்கது நான்தான். பத்திரிகையில நீங்க சொல்றபடியே இருக்கட்டும். அவர் கையத் தொடாதீங்க."

குழைக்காதர் அகராதியை எடுக்க எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவள் அங்கே இல்லை.

பெயரை வைத்தவர் தகப்பனார். அதைத் தோலில் சுமப்பவர் நயினார். அதைக் கேட்டால் திரும்பிப் பார்ப்பவள் யாழினி. கையில் இருப்பது பிழையா இல்லையா என்று சொல்லும் உரிமை இந்த மூவரில் யாருக்கு? வாக்குக் கொடுத்துவிட்ட நயினார் என்ன செய்வது சரி?

விடை: உரிமை யாழினிக்கே. பெயர் என்பது தகப்பன் பிள்ளைக்குக் கொடுக்கும் தானம். தானமாக எழுதிக் கொடுத்த வயலில் கொடுத்தவரே மறுபடி ஏர் பூட்ட முடியாது. எத்தனையோ தானப் பத்திரங்கள் எழுதியவருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தோல் நயினாருடையது. அதில் அவர் எழுதலாம், அழிக்கலாம். எழுதியது அவள் பெயர் இல்லை என்று மட்டும் அவரால் சொல்ல முடியாது. மேலும், "தப்பா இருந்தா" என்றுதான் அவர் வாக்குக் கொடுத்தார். உடையவள் தப்பில்லை என்ற பிறகு, காப்பாற்ற வேண்டிய வாக்கும் இல்லை. நயினார் மருத்துவரிடம் மறுபடி போகவில்லை. குழைக்காதரும் தன் முடிவை விட்டுவிட்டு மணவறைக்கு வந்தார். புரோகிதர் பெண்ணின் பெயரை 'யாளினி' என்று சொன்னதும் அவரை நிறுத்தி, "ழி" என்று திருத்தினார். இரண்டாம் முறையும் அவர் அப்படியே சொல்ல, மறுபடி திருத்தினார். மகள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நீர் வார்க்கும்போது மாப்பிள்ளையின் முன்கை அவர் கண்ணுக்கு நேரே இருந்தது. வெளிறிய எழுத்துகளை ஒருமுறை படித்தார். ஒன்றும் சொல்லாமல் செம்பைச் சாய்த்தார்.