சத்தமில்லாத சைக்கிள்

“‘சார், நீங்க சைக்கிள் வாங்க வரல, என்னை விசாரிக்க வந்திருக்கீங்க. சத்தமே வராத சைக்கிள் வேணும்னு திருடன்கூட என் கடைக்கு வந்து கேட்டதில்ல.’ இப்படிச் சொல்றான்மா, என்னைப் பார்த்து. திருடனாம்!”

சைக்கிள் கடைக்காரர் சொன்னதைச் செண்பகராமன் ஒரு சொல் விடாமல், அவர் குரலிலேயே அம்மையிடம் சொல்லிக் காட்டினார்.

கடைக்காரர் ஜெபராஜும் லேசுப்பட்டவர் அல்ல. சண்டையைப் பாதியில் விட மனமில்லாமல் கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே வந்து, மடத்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“சொன்னேன்தான்மா. இல்லேன்னு சொல்லலியே” என்றார்.

அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அந்த மடத்தை நடத்துகிறவர். வயது நாற்பத்து நான்கு. சீடர் செண்பகராமனுக்கு அறுபத்திரண்டு. முப்பது வருஷம் சோதனைச் சாவடியில் லாரி லாரியாகத் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு ஞானம் தேடி வந்தவர். வந்தாரே தவிர, தார்ப்பாயைத் தூக்கிய கையும் கூடவே வந்துவிட்டது. மடத்துக்கு வரும் அரிசி மூட்டைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவுவார். பால்காரர் நிற்கும்போதே பாலைத் தொட்டு நக்கிப் பார்ப்பார். திருநீற்றைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் பூசுவார்.

“உக்காருங்க ரெண்டு பேரும். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் சொல்லுங்க” என்றார் அம்மை.

ஜெபராஜ் முந்திக்கொண்டார்.

“அஞ்சு வாரமா வர்றார்மா. முதல்ல கியர் சைக்கிள் கேட்டார். எவ்வளவு தூரம் போகணும்னேன். ரெண்டு கிலோமீட்டர்னார். மேடு உண்டான்னேன். இல்லைன்னார். அப்ப எதுக்கு சார் கியர், அதுக்குச் செலவழிச்சு மாளாது, சாதா சைக்கிள் போதும்னேன். உடனே சந்தேகம். ‘விலை கூடினதை விக்காம, குறைஞ்சதை ஏன் தலையில கட்டறே’ங்கறார்.”

“நியாயமான கேள்விதானே?” என்றார் செண்பகராமன்.

“கேளுங்க சார், வேண்டாங்கல. நான் பதில் சொல்றப்ப என் முகத்தைப் பாக்காம கையையே ஏன் பாக்கறீங்க?”

செண்பகராமன் அப்போதும் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்கிறவனுக்கு முகம் ஒத்துழைக்கும், கைதான் காட்டிக்கொடுக்கும் என்பது சாவடியில் அவர் கற்ற பாடம்.

“கடைசியா ஒண்ணு பிடிச்சுது அவருக்கு. கியர் கிடையாது. மட்கார்டு இருக்கு, கேரியர் இருக்கு, வேட்டி மாட்டாம செயினுக்கு மூடி இருக்கு. விலையும் கைக்கு அடக்கம். பில் போடப் போறேன். இவர் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுத்திவிட்டுக் காதைக் கொண்டுபோய் வெக்கறார். டிக் டிக்னு கேக்குதாம், வேண்டாமாம். ஃப்ரீவீல்னா கேக்கத்தானேம்மா செய்யும்? மிதிக்கிறவரைக்கும் வராது. மிதிக்கறத நிறுத்தினா வரும். அதுக்கு நான் என்ன செய்ய?”

அம்மை கீரைக் காம்பை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

“சத்தம் வந்தா என்ன, ஐயா?”

“மடத்துல தியானம் பண்றவங்களுக்கு இடைஞ்சல்மா.”

மடத்தில் தியானம் செய்கிறவர்கள் மொத்தம் இரண்டு பேர். அதில் ஒருவருக்குக் காது கேட்காது.

அம்மை சீடரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் திரும்பினார்.

“சத்தத்தைக் குறைக்க வழி உண்டா?”

“கெட்டி கிரீஸை உள்ள அடைச்சா கொஞ்ச நாளைக்குக் குறையும்.”

“அடைச்சுக் குடுத்திடுங்க.”

ஜெபராஜ் வாசல் வரை போனவர் நின்றார். “குடுத்திடறேன்மா. ஆனா எனக்கென்னமோ இது சரியாப் படல” என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டினார்.

சரியாகப்படாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது.

அந்த மடத்தில் ஒரு விதி உண்டு. நடக்க முடிந்தவர்கள் மத்தியானம் பந்திக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எழுந்திருக்க முடியாதவர்களுக்கு மட்டுமே வீட்டுக்குச் சோறு போகும். அம்மையின் குரு வைத்த விதி அது. அப்படிச் சோறு போய்க்கொண்டிருந்தது ஒரே ஒரு வீட்டுக்கு. கல்யாண வீடுகளில் சமைத்துப் பிழைத்த பாலம்மாள், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து பத்து மாதமாகப் படுக்கையில் இருந்தாள். ஒண்டிக்கட்டை. செண்பகராமன்தான் தூக்குவாளியோடு தினமும் நடந்து போனார். அவர் போய்ச் சேர்வதற்குள் ரசம் ஆறிப்போகிறது என்றுதான் அம்மை சைக்கிள் வாங்கச் சொன்னார்.

செண்பகராமனுக்கு ரசத்தைப் பற்றிக் கவலை இல்லை. பத்து மாதமாகத் தரையில் கால் படாதவளுக்கு உள்ளங்கால் ஏன் கறுத்திருக்கிறது? அதுதான் அவருடைய கவலை.

அந்தக் காலைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. கட்டிலருகே அவர் போய் உட்காரும் ஸ்டூல்மேல் தினமும் ஒரு தம்ளர் தண்ணீர் இருக்கும். யார் வைத்தது என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றாள். போய்ப் பார்த்தால் பக்கத்து வீடு ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. திடீரென்று போய் நின்று கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றால், தெருவில் திரும்பும்போதே அவருடைய செருப்புச் சத்தம் காட்டிக்கொடுத்தது. ஒரு நாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். நெருஞ்சி முள் குத்தி அவர் போட்ட சத்தத்தில் நாலு வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள்.

சைக்கிள் என்றால் இருபது நிமிஷம் முன்னதாகப் போய் நிற்கலாம். சத்தம் மட்டும் வரக் கூடாது.

வெள்ளிக்கிழமை சைக்கிள் வந்தது. அன்றைக்கே வாளியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார். வழியில் ஓர் இடத்தில்கூட மிதிப்பதை நிறுத்தவில்லை. தெருமுனையில் இறங்கினார். ஜெபராஜ் அடைத்த கிரீஸையும் நம்பாமல், கேரியரைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு, வாளியும் சிந்தாமல், கழுத்து நரம்பு புடைக்க நடந்தார். திருடன்கூட இவ்வளவு கஷ்டப்படுவானா என்பது சந்தேகம்தான்.

சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு ஜன்னல் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தார்.

பாலம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

சுவரைப் பிடித்தபடி ஓர் அடி வைத்தாள். இடது கால் இழுத்துக்கொண்டு பின்னால் வந்தது. இன்னோர் அடி. மூலையில் இருந்த பானையிலிருந்து தம்ளரில் மொண்டாள். கை நடுங்கிப் பாதித் தண்ணீர் கொட்டியது. மறுபடி மொண்டாள். தம்ளரைச் சுவரோரம் தரையில் வைத்தாள். முந்தானையால் ஸ்டூலைத் துடைத்தாள். உட்காரும் பலகையைத் துடைத்த பிறகு, குனிய முடியாமல் குனிந்து ஸ்டூலின் கால்களையும் துடைத்தாள். பிறகுதான் தம்ளரை எடுத்து அதன் ஓரத்தில் வைத்தாள். பனையோலை விசிறியை எடுத்துத் தட்டிவிட்டு, கைக்கு எட்டுகிற மாதிரி பக்கத்தில் போட்டாள்.

கட்டிலுக்குத் திரும்பி மூச்சு வாங்கினாள். படுத்தாள். போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டாள். கடைசியாக முகத்தையும் நோயாளி முகமாக மாற்றிக்கொண்டாள்.

முப்பது வருஷத்தில் எந்தத் தார்ப்பாய்க்கு அடியிலும் செண்பகராமனுக்கு இவ்வளவு தெளிவாக ஒன்றும் அகப்பட்டதில்லை.

நூறு எண்ணிவிட்டு உள்ளே போனார்.

“இன்னைக்கு வெள்ளென வந்துட்டீங்க” என்றாள் பாலம்மாள். அவள் கண் வாசலுக்குப் போய் வந்தது. “வந்த சத்தமே கேக்கலியே?”

“சைக்கிள்.”

“கியர் வெச்சதா?”

“இல்லாதது.”

“இந்தா இருக்கிற மடத்துக்கும் இதுக்கும் கியர் எதுக்கு.” ஒரு கவளம் சாப்பிட்டாள். “ரசம் சுடுது. புளிதான் ஒரு பொடி கூடிப்போச்சு. யாரு வெச்சது?”

“அம்மை.”

“அவங்களுக்குக் கை கொஞ்சம் தாராளம். தண்ணி குடிங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளை வெச்சுட்டுப் போச்சு.”

செண்பகராமன் அந்தத் தம்ளரைத் தொடவில்லை.

அவர் மடத்துக்குத் திரும்பியபோது பந்தி முடிந்திருந்தது. அம்மை கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா, அந்தப் பொம்பளை நடக்கிறா.”

“ம்.”

“கேள்விப்பட்டுச் சொல்லல. என் கண்ணால பார்த்தேன்.”

“நடந்து எங்க போனா?”

“பானைகிட்ட.”

“அப்புறம்?”

“ஸ்டூல்கிட்ட.”

“ஸ்டூல்கிட்ட அவளுக்கு என்ன வேலை?”

“துடைச்சா.”

“அதுல யார் உக்கார்றது?”

“அது வேற விஷயம்மா. அவ நடக்கிறாளா, இல்லையா? அதைச் சொல்லுங்க.”

“நடக்கிறா. ஆடி மாசத்துலேர்ந்து.”

செண்பகராமனின் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. முதல் தடவையாக அவர் அம்மையின் கைகளைப் பார்த்தார். இரண்டு கையிலும் சாம்பலும் தேங்காய் நாரும் இருந்தன.

“உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சே சோறு அனுப்பறீங்க. அப்ப உங்க குரு வெச்ச விதி?”

“நடக்கிறவங்க பந்திக்கு வரணும். அதானே விதி? அவ வர மாட்டா.”

“ஏன், இந்தப் பந்தி அவளுக்கு ஆகாதா?”

“முப்பத்தஞ்சு வருஷம் இந்த ஊர்ப் பந்தியில கரண்டியோட நின்னவ, ஐயா. இலை முன்னாடி உக்காந்து, இன்னொருத்தி கரண்டியை அண்ணாந்து பார்க்க அவளால ஆகாது. வரச் சொன்னா சரின்னு சொல்லுவா. சொல்லிட்டுப் பட்டினி கிடப்பா.”

“அதெல்லாம் இருக்கட்டும். அவ சொல்றது பொய்தானே?”

“பொய்தான்.”

செண்பகராமன் துண்டை உதறித் தோளில் போட்டார். குரல் உயர்ந்தது.

“பொய் சொல்றவளுக்குச் சோறு சுமக்கிறது எந்த தருமத்துல சேர்த்தி? இதுக்கு எனக்குப் பதில் வேணும். சுத்தி வளைக்காம, இன்னைக்கே வேணும். இல்லேன்னா நாளைக்கு நான் அந்த வாளியைத் தொட மாட்டேன்.”

தொடாவிட்டால் கொண்டுபோக வேறு ஆள் இல்லை. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

அம்மை வாளியைக் கழுவிக் கவிழ்த்தார்.

“சைக்கிள் நல்லா ஓடுதா?”

“ஓடுது.”

“சத்தம்?”

“இல்ல.”

“நல்லது. தியானம் பண்றவங்களுக்கு இடைஞ்சல் இருக்காது.”

செண்பகராமன் தோளில் போட்ட துண்டை எடுத்து மடித்தார். மறுபடி பிரித்தார். அம்மையின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை, கையைப் பார்க்கவும் முடியவில்லை.

அம்மை கையை அலம்பிக்கொண்டு எழுந்தார்.

“நாளைக்குப் போறப்ப தெருமுனையிலேயே ஒரு தடவை நல்லாக் கனைச்சுட்டு, மெதுவாப் போங்க, ஐயா. அவ போய்ப் படுத்துக்க நேரம் வேணும்.”

கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

“செய்வீங்களா?”