நாற்பதடி வண்டியும் சின்ன வண்டியும்

"சாமியம்மா, இந்த வண்டி எனக்கு ஒத்து வரலீங்க."

வந்ததும் வராததுமாக நாச்சிமுத்து இதைத்தான் சொன்னார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கொல்லிமலை அடிவாரத்துக் குடிசை வாசலில் சாமியம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. நாச்சிமுத்துவுக்கு அறுபத்து மூன்று. யாருக்கும் அடங்காத மனுஷர், இந்தத் துறவி அம்மா முன்னால் மட்டும் கொஞ்சம் குரலைத் தணிப்பார்.

"எந்த வண்டிங்க ஐயா?"

பூவரச மரத்தடியைக் கைகாட்டினார். வெள்ளை நிறத்தில் ஒரு குட்டி வேன்.

"போன தடவை ரயில் பெட்டி மாதிரி ஒண்ணு வந்துச்சே?"

"அதைத் தள்ளிவிட்டுட்டுத்தான் இதை வாங்கினேன்."

நாச்சிமுத்து திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் லாரியில் கிளீனராக ஏறி, அதே லாரிக்கு முதலாளியாகி இறங்கியவர். பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம். மிச்சத்தை ரோடு அடித்துச் சொல்லிக்கொடுத்தது. தொழிலை விட்டதும் பழைய பஸ் ஒன்றை வாங்கி, கரூர்ப் பட்டறையில் கொடுத்து வீடாகக் கட்டினார். முன்னால் ஓட்டுகிற இடம், நடுவில் சமையல், கடைசியில் கட்டில். நாற்பது அடி நீளம். அதில் மனைவி பூவாத்தாளோடு நாலு வருஷம் ஊர் ஊராகச் சுற்றினார்.

போன ஐப்பசியில் பூவாத்தாள் போய்ச் சேர்ந்தாள்.

"ஒண்டியாளா அதை மேய்க்க முடியலீங்க. கூரையில தண்ணித்தொட்டி ஒழுகுது. கழிவுக் குழாய் அடைச்சா மல்லாக்கப் படுத்து ஊர்ந்து போகணும். ஒரு சந்துல திருப்ப முடியுதா? பதினாலு ஜன்னல். ஒத்தை ஆளுக்கு எதுக்குங்க பதினாலு ஜன்னல்?"

"இது எப்படி?"

"இதுக்கென்ன? அரை மணியில கழுவி முடிச்சிடலாம். மாட்டு வண்டி போற இடமெல்லாம் போகுது."

"அப்புறம் என்ன குறை?"

"குறை இருக்கணுமே! மூணு மெக்கானிக்குகிட்டயும் காட்டுக்கத்துக் கத்திட்டேன். ஒண்ணுமே இல்லைங்கறானுங்க."

சாமியம்மா கீரையை உருவினார். ஒரு காம்பு. இன்னொரு காம்பு.

விலை பேசுகிற இடத்தில் எதிராளி வாயைத் திறக்காவிட்டால் நாச்சிமுத்துவுக்குப் பொறுக்காது. இங்கேயும் பொறுக்கவில்லை.

"தூங்க முடியலீங்க," என்றார்.

"ம்."

"அன்னிக்கு அவ கடைசிக் கட்டில்ல படுத்திருந்தா. ஆம்பூர் தாண்டி வேலூர் வரைக்கும் பேசிக்கிட்டே ஓட்டினேன். வழக்கமா ஒண்ணு ரெண்டுக்கு 'ஆமாங்க'ம்பா. தூங்கறாளாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். நிறுத்திட்டு, காப்பி குடிக்கறயான்னு போய்த் தொட்டேன். ஆறிப்போய்க் கிடந்தா."

கீரை உருவுகிற கை நின்றது.

"உசுரு போய் ஒரு மணி நேரம் ஆச்சுன்னார் டாக்டர். ஒரு மணி நேரம் நான் யாருகிட்டங்க பேசினேன்?"

சாமியம்மா கீரையை ஓரமாக வைத்தார்.

"அவ சின்னதுதான் கேட்டா. 'ரெண்டு பேருக்கு எதுக்குங்க இம்புட்டு நீளம்'னா. நான்தான், 'வாயை மூடு, ஊரு அண்ணாந்து பாக்கட்டும்'னேன். இப்ப இந்தச் சின்ன வண்டியில படுத்தா அதேதான் ஓடுது. அன்னிக்கு இது இருந்திருந்தா கேட்டிருக்கும். முனகியிருந்தாக் கேட்டிருக்கும். எந்திரிச்சுப் போயிருந்தாலும் கேட்டிருக்கும்."

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"பஸ்ஸுன்னா, அவ்வளவு தூரத்துல எப்படிக் கேக்கும்னு மனசைத் தட்டிக்கொடுத்துக்கலாம். வாங்கினவன் இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுக்கறேன்னிருக்கான். பஸ்ஸைத் திருப்பி எடுத்துக்கட்டுமா, இதுலயே கிடந்து சாகட்டுமா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

சாமியம்மா எழுந்து கையைக் கழுவினார்.

"உப்பு தீந்துபோச்சு. கடைத்தெரு வரைக்கும் போலாங்களா?"

"நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன..."

சாமியம்மா அதற்குள் வேனின் பக்கக் கதவைத் திறந்து, பின்னால் இருந்த கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஓட்டுகிற இருக்கைக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு துணித்திரை மட்டும்.

நாச்சிமுத்து கதவை அறைந்து சாத்தி வண்டியை எடுத்தார்.

இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் ரோட்டை அடைத்துக்கொண்டு ஆட்டு மந்தை. நாச்சிமுத்து ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவில்லை.

"யோவ்! ஆட்டை ஓரமா ஓட்டத் தெரியாதா?"

"தெரியுமுங்க. ஆட்டுக்குத்தான் தெரியாது," என்றார் ஆட்டுக்காரர்.

"ஏத்திட்டுப் போயிருவேன்!"

"ஏத்துங்க. அப்புறம் செத்த ஆட்டுக்கு விலை பேசிட்டு நிப்பீங்க. உங்க மூஞ்சியப் பாத்தா பாதிக்குப் பாதி கொறைப்பீங்களாட்டம் இருக்குது."

நாச்சிமுத்து ஜன்னலுக்கு வெளியே இடுப்பு வரை உடம்பை நீட்டி, ஆட்டுக்காரரின் மூன்று தலைமுறையை விசாரித்தார். ஆட்டுக்காரரும் சளைக்கவில்லை. கடைசிக் குட்டி ஓரம் கட்டியதும் வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது.

"திமிரைப் பாத்தீங்களா?" என்றார் பின்பக்கம் பார்த்து.

பின்னால் இருந்து பேச்சில்லை. அதுவும் நல்லதுதான். கத்தித் தீர்த்ததில் நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருந்தது. வெயிலும் மலையும் கண்ணுக்கு இதமாக இருந்தன.

"ஏரி ரொம்பிக் கிடக்குதுங்க. இந்த வருஷம் நெல்லு போட்டிருப்பானுங்க."

பேச்சில்லை.

"மரவள்ளியைப் பாருங்க, ஆள் உசரத்துக்கு நிக்குது."

பேச்சில்லை. அந்த மௌனம் அவருக்குப் பழகினது. அதன் மேல் சாய்ந்துகொண்டு பேசுவது பல மாதங்களாக விட்டுப்போயிருந்தது. திருச்செங்கோட்டுக் கதை, பெங்களூரில் பாறை உடைந்த கதை, ஓங்கோலில் லாரி புதைந்த கதை. ஒன்றன் பின் ஒன்றாக வந்தன.

"அங்க பாரு, கொக்கு! எத்தனை கொக்கு பாரு!"

'பாருங்க' எப்போது 'பாரு' ஆனது என்று அவருக்கே தெரியாது.

கடைத்தெருவில் நிறுத்தினார்.

"எந்தக் கடைங்க சாமியம்மா?"

பதில் இல்லை.

"சாமியம்மா?"

திரைத்துணியைப் பிடித்தார். இழுக்க முடியவில்லை. வேலூரிலும் இப்படித்தான் கட்டிலைப் பார்த்துப் போனார். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

விரிப்பில் ஆள் உட்கார்ந்த சுருக்கம் இருந்தது. ஆளைக் காணோம்.

வந்த வழியே எப்படித் திரும்பினார் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. ஆடுகள் குறுக்கே போன இடத்தில், ஓடைப் பாலத்துச் சுவர் மேல் சாமியம்மா உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்த ஆட்டுக்காரர், கூழ் இருந்த தூக்குப்போசியும் கையுமாக.

நாச்சிமுத்து வண்டியை நடுரோட்டில் போட்டுவிட்டு இறங்கி ஓடினார்.

"நீங்கல்லாம் ஒரு சாமியா? உசுரே போயிருச்சு எனக்கு! எங்க இறங்கினீங்க?"

"இங்கதானுங்க ஐயா. நீங்க இவர்கூடப் பேசிட்டிருந்தப்ப."

"இறங்கறேன்னு ஒரு சத்தம் கொடுக்கக் கூடாதா?"

"கொடுக்கலைங்க."

ஆட்டுக்காரர் போசியை எடுத்துக்கொண்டு மெல்ல நழுவினார்.

சாமியம்மா வேனருகே போய்ப் பக்கக் கதவைத் திறந்தார்.

"இந்தக் கட்டிலுக்கும் உங்க சீட்டுக்கும் எவ்வளவு தூரமுங்க?"

"அதெதுக்கு இப்ப?"

"அளந்து சொல்லுங்க."

அவர் குனிந்து முழம் போட்டார். ஒன்று. இரண்டு. மூன்றாவதுக்கு இடம் போதவில்லை.

"ரெண்டு முழம்."

"கதவைத் திறந்தேன். இறங்கினேன். சாத்தினேன். கேட்டுச்சுங்களா?"

நாச்சிமுத்து ஆடுகள் போன பக்கம் கையை நீட்டினார்.

"ஆடு கத்துச்சுங்க. ஹாரன் வேற. அந்தாளு பேசின பேச்சு... இத்தனைக்கு நடுவுல எந்த மனுஷனுக்குங்க..."

பாதியில் நின்றார்.

சாமியம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமில்லாமல்.

சட்டைப்பையில் போன் அடித்தது. பஸ்ஸை வாங்கியவன். நாச்சிமுத்து அதை எடுத்து, "நீயே வெச்சுக்க தம்பி, நான் வரல," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அப்படியே வேனின் படியில் உட்கார்ந்தார். துண்டை மடியில் போட்டுக்கொண்டு சொன்னார். யாரிடமும், தன்னிடம்கூட, அதுவரை அவர் அதைச் சொன்னதில்லை.

"அன்னிக்கு மழைங்க சாமியம்மா. என் பேச்சே எனக்குக் கேக்காத அளவுக்கு, தகரத்துல கல்லைக் கொட்டற மாதிரி மழை."