அசையாமல் நின்ற நாகசதுர்த்தி

நாகசதுர்த்தி அன்று கோணப்பட்டிப் புற்றடியில் இருந்தவர்கள்: முத்திருளன், அவன் சித்தப்பா சோணமுத்து, பங்காளிகள் விருமன், ஒச்சு. ஆக நான்கு பேர். ஒரு செம்புப் பால், ஏழு முட்டை. பாம்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது பிறகுதான் வந்தது.

முத்திருளனின் பெண்டாட்டி பேச்சியம்மாள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போயிருந்தாள். "சதுர்த்தியன்னிக்கு நாகருக்குப் பால் வார்த்துட்டு, பொழுது சாயறதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போ. தவறினா அவ இங்கேயேதான்" என்று மாமனார் கழுவன் சொல்லி அனுப்பியிருந்தார். பூசாரி சொன்னது ஒன்றே ஒன்று: "பாம்பு வந்தா அசையாம நில்லுங்க."

பாலை வார்த்தார்கள். முட்டையை வைத்தார்கள். பாம்பு தலையை நீட்டியது, நால்வரையும் பார்த்தது, பிடிக்காததுபோல் உள்ளே போய்விட்டது. நால்வரும் நின்றார்கள். வெயில் ஏறியது.

"போயிருச்சே சித்தப்பா, கிளம்பட்டுமா?" முத்திருளன் உதட்டை அசைக்காமல் கேட்டான்.

"உள்ளதானேடா போயிருக்கு? நீ வீட்டுக்குள்ள போனா ஊர்ல இல்லேன்னு அர்த்தமா?"

"எப்ப அசையலாம்னு பூசாரி சொல்லலையே" என்றான் ஒச்சு.

"நான் போய்க் கேட்டுட்டு வரட்டா?" என்றான் விருமன்.

"கேட்டுட்டு வா. ஆனா அசையாமப் போ" என்றார் சோணமுத்து.

விருமன் நெடுநேரம் முயன்றான்.

பிற்பகலில் பூசைக்கு இருபத்து நான்கு பெண்கள் வந்தார்கள். புற்றருகே புதிதாக நான்கு நாகர் சிலைகளைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தலையில் பால் ஊற்றி, கண்ணை மட்டும் விட்டு மஞ்சளை அப்பி, ஆளுக்கொரு முட்டை வைத்துப் போனார்கள்.

கடைசியாகப் பேச்சியம்மாள் தகப்பனோடு வந்தாள். தன் முட்டையை வைத்து, முத்திருளன் முன்னால் கும்பிட்டாள்.

"நாகராசா, பொழுது சாயப்போகுது. எம் புருஷனை இன்னும் காணோமே!"

முத்திருளனுக்குத் தாங்கவில்லை. "நான்தான் புள்ள உன் புருஷன்!"

கழுவன் தடாலென்று விழுந்து கும்பிட்டார். "கேட்டியா தாயி! சாமியே உன்னைக் கட்டிக்கிறேங்குது. அந்த முட்டாப்பய இனி எதுக்கு?"

"முழி மட்டும் அவர் முழி மாதிரியே இருக்குப்பா."

"சாமியைப் போய் அவனோட சேக்காதே. கன்னத்துல போட்டுக்க."

ஆள் கூப்பிட்டு, வண்டியில் ஏற்ற முத்திருளனைத் தூக்கினார்கள். அவன் பதறிப்போனான்.

"சித்தப்பா, அசையிறேனே!"

"தூக்குறவங்கதான்டா அசையிறாங்க. நீ பாட்டுக்கு நில்லு."

முத்திருளன் வண்டியில் நின்றபடியே மாமனார் வீடு போய்ச் சேர்ந்தான். நடுவீட்டில் நிறுத்தி, மாலை போட்டு, பெண்ணைப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள்.

புற்றடியில் மிச்சம் முப்பத்திரண்டு முட்டை, ஆள் மூன்று.