சிவப்புக் காரும் டப்பாக் காரும்

பாவாயிக்கு ஐம்பது முடிந்த பிறகுதான் கார் ஓட்டப் பழகும் எண்ணம் வந்தது. வாதத்தில் விழுந்த புருஷனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, ஒவ்வொரு தடவையும் புருஷனின் அண்ணன் அர்த்தனாரியிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. அவரோ ரெண்டே கதவு வைத்த சிவப்புக் கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அது தரையோடு தரையாகப் படுத்திருக்கும். மடங்காத காலை அதற்குள் திணிப்பதற்குள் நோயாளி அழுதுவிடுவார்.

"பொம்பளைக்குக் கார் எதுக்கு? ஓட்டுறது என் கண்ணுல பட்டா அன்னியோட நிறுத்திருவேன்" என்று சொல்லியிருந்தார் அர்த்தனாரி.

பட்டுவிட்டது.

கொல்லிமலைப் பாதையில் பாவாயி பயிற்சிப் பள்ளியின் சின்னக் காரை ஏற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாத்தியாரம்மா ஸ்டெல்லா. பாவாயி மகள் வயசுதான் இருக்கும். வளைவு திரும்பினால், எதிரே இறங்கி வந்த சிவப்புக் கார் மூக்கோடு மூக்காக நின்றது. மண் சரிந்து பாதி ரோட்டை அடைத்திருந்தது. ஒரு வண்டிதான் போகலாம்.

ஹாரன் மலையெல்லாம் கேட்டது.

"எங்க மச்சாண்டாருங்க." பாவாயியின் கை ரிவர்ஸ் கியருக்குப் போனது. "அந்தக் காருக்கு முன்னால இதெல்லாம் ஒரு காருங்களா, வாத்தியாரம்மா? ஒதுங்கிரலாமுங்களா?"

ஸ்டெல்லா ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினாள். ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து கடலை உரிக்க ஆரம்பித்தாள்.

"ஐயோ, வண்டியில ஏறுங்க!"

"நீங்கதானுங்களே டிரைவர்."

அர்த்தனாரி தலையை வெளியே நீட்டினார். "ஏ பாவாயி! அந்த டப்பாவைப் பின்னால எடு! இது என்ன விலைன்னு தெரியுமா? ஒரு கீறல் விழுந்தா உன் தோட்டத்தை வித்தாலும் பத்தாது!"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பாவாயி அவர் முன்னால் வாய் திறந்ததில்லை. அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். இப்போதும் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பள்ளம்தான் இருந்தது. கியரிலிருந்து கையை எடுத்துக் கண்ணாடியை இறக்கினாள்.

"விலையெல்லாம் கடையிலங்க, மாமா. மலையில ஏறுற வண்டிக்குத்தான் வழி."

அந்தக் குரலை அர்த்தனாரி கேட்டதே இல்லை. நீட்டிய தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். உறுமிக்கொண்டே பின்னால் போனது சிவப்புக் கார்.

ஸ்டெல்லா கடலைத் தோலைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"கை நடுங்குதுங்க, வாத்தியாரம்மா."

"நடுங்கட்டுங்க. காரு பின்னால நகரலையே. முதல் கியர் போடுங்க."